பதினாலாம் நம்பர் யோசனை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கணும்.

கேள்வியும் சின்னதுதான். நம்ம கேட்ல லாரிங்க மணிக்கணக்கா நிக்குதே, இத எப்படிக் குறைக்கலாம்?

கேட்டேன். சரியா ஒரு வாரம் கழிச்சு, ஒரு லாரி கேபின்ல தலையில ஈரத் துண்டோட உக்காந்திருந்தேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். என் வீட்டுல ஏற்கெனவே சிரிச்சு முடிச்சுட்டாங்க.

நான் தூத்துக்குடியில ஒரு கன்டெய்னர் யார்டுல ஐ.டி. ஹெட். பேரு ஜெபசிங். டிபார்ட்மென்ட்ல மொத்தம் ரெண்டு பேரு. நானும் முத்துலட்சுமியும். வேலைய முத்துலட்சுமி செய்யும். மீட்டிங்ல நான் பேசுவேன்.

அந்த வாரம் எம்.டி. கூப்பிட்டார். எங்க யார்டோட பெரிய பார்ட்டி ஒரு இறால் ஏத்துமதிக் கம்பெனி. அவங்க குளிர் கன்டெய்னர் எல்லாம் எங்க கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்குதாம். இப்படியே போனா வேற யார்டுக்குப் போயிருவோம்னு சொல்லிட்டாங்களாம். அடுத்த திங்கக்கெழம பத்து மணிக்கு அந்தக் கம்பெனி மேடம் நேர்ல வராங்க.

எம்.டி. கோவப்படவே இல்ல. அதுதான் பயம். சென்னையில ஒரு கம்பெனி நம்ம ஐ.டி. வேலை முழுசையும் அங்க இருந்தே பாத்துத் தரேன்னு சொல்றாங்க, மேடம் கையவிட்டுப் போனா நானும் யோசிக்க வேண்டியதுதான்னு சாதாரணமா சொன்னார். சொல்லிட்டு எனக்கு டீ வேற சொன்னார். அந்த டீ எனக்கு எறங்கல.

நல்லவேளையா, அதுக்கு முந்தின மாசம்தான் டெக்னாலஜி தலைவர்களுக்கான ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்திருந்தேன். ஏ.சி. ஹால், மதியம் பிரியாணி. அங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். தலைவன் தானா யோசிக்கக் கூடாது. கூட்டத்த யோசிக்க விடணும். கூட்டத்துக்கிட்டதான் புத்தி இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. யோசிக்காம சம்பளம் வாங்குறதுக்கு இதவிட கௌரவமான பேரு கெடைக்காது.

அன்னைக்கே ஒரு வெப் பக்கம் செஞ்சேன். சரி, முத்துலட்சுமி செஞ்சுச்சு. பேரு யோசனைப் பெட்டி. யார் வேணா யோசனை எழுதலாம், யார் வேணா ஓட்டுப் போடலாம். கீழ நான் கொட்டை எழுத்துல ஒரு வரி சேத்தேன்: "ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு அதிக ஓட்டு வாங்கியிருக்கும் யோசனை திங்கள் காலையே அமலுக்கு வரும். எவரும் மறுக்க முடியாது. இப்படிக்கு ஜெபசிங், ஐ.டி. ஹெட்."

முத்துலட்சுமி அந்த வரிய வாசிச்சுச்சு. "எவரும் மறுக்க முடியாதுங்கிறத மட்டும் எடுத்துருவோமா சார்?"ன்னு கேட்டுச்சு.

கூட்டத்து மேல நம்பிக்கை வைக்கணும்மான்னு சொன்னேன். பயிற்சியில சொன்ன வார்த்தை. சொல்லும்போது எனக்கே என்னைய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு.

மொத நாள் வந்தது ஒரு யோசனை. அது நான் டெஸ்ட்டுக்குப் போட்டது.

ரெண்டாவது நாளும் அதே ஒண்ணு. ஒரு ஓட்டு வேற விழுந்திருந்துச்சு. அதுவும் நான்தான்.

ஏம்மா யாருமே எழுத மாட்டேங்கறாங்கன்னு முத்துலட்சுமிகிட்ட கேட்டேன். அது எழுதுற வேலைய நிறுத்தாமயே சொல்லுச்சு: "யோசன சொன்னா அந்த வேலைய சொன்னவுக தலையிலதான சார் கட்டுவீய. போன தடவ பிரின்டர் பத்தி நான் சொன்னேன். இப்ப பிரின்டர் நாந்தான பாக்கேன்."

நியாயம்தான். உடனே பேர் இல்லாம எழுதுற மாதிரி மாத்தினேன். இதுதான் என் மொத தப்பு.

மதியத்துக்குள்ள பெட்டி நெறஞ்சு போச்சு. கேன்டீன்ல புதன்கிழமை மீன் கொழம்பு வேணும். அக்கவுன்ட்ஸ் ரூம் ஃபேன் சத்தம் போடுது. ஆறாம் நம்பர் யோசனை: ஐ.டி. சார் ஆபீஸ் குரூப்ல தெனமும் ரோஜாப்பூ படத்தோட குட்மார்னிங் போடுறத நிறுத்தணும். அதுக்கு முப்பத்தி ஒரு ஓட்டு. எம்.டி. ஓட்டுப் போட்டிருந்தாரான்னு நான் விசாரிக்கல. விசாரிக்கப் பயமா இருந்துச்சு.

கேட் பத்தி மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதல. சரின்னு நானே ஏழாம் நம்பரா ஒண்ணு போட்டேன். டிரைவர்கள் மொபைல்ல முன்கூட்டியே நேரம் பதிவு பண்ணிட்டு வர மாதிரி புதுசா ஒரு ஆப் செய்யணும். பாக்க அழகா இருந்துச்சு. மேடம்கிட்ட காட்ட தோதா இருக்கும். ஆனா நாலே ஓட்டு.

அப்பதான் பயிற்சியில சொன்ன இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. கம்பெனிக்குள்ளயே கேக்காதீங்க, வெளிய இருக்கிறவங்களையும் சேத்துக்கோங்கன்னு சொன்னாங்க. லிங்க்க எடுத்து லாரி டிரைவருங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன்.

இது ரெண்டாவது தப்பு. மொத தப்பெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.

அரை மணி நேரத்துல பதினாலாம் நம்பர் யோசனை வந்துச்சு. இன்னைக்கும் எனக்கு மனப்பாடம்: "இந்த வெப்சைட் செஞ்ச சார் ஒரு நாள் எங்க கூட லாரியில ஏறி வரிசையில வரணும். கடைசி லாரியில. சாரோட ஏ.சி. கார் பின்னால வரக் கூடாது."

சாயங்காலத்துக்குள்ள எம்பது ஓட்டு.

எடுத்துரு முத்துலட்சுமின்னேன். எவரும் மறுக்க முடியாதுன்னு போட்டிருக்கோமே சாருன்னுச்சு. மூஞ்சிய ரொம்ப சாதுவா வச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு.

சரி, ஓட்டுக்கு ஓட்டுன்னு எறங்கினேன். எனக்குச் சொந்த ஊரு நாசரேத். பெரியப்பா பசங்க, சித்தி மகளுங்க, சண்டே ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க, எல்லா குரூப்லயும் லிங்க்கப் போட்டு ஏழாம் நம்பருக்கு ஓட்டுப் போடுங்கன்னு கெஞ்சினேன். எங்க ஆளுங்க பாதிப் பேரு வாத்தியாருங்க. ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி வாக்கியப் பிழை திருத்தி அனுப்பினாங்க. சனிக்கிழம மதியத்துக்குள்ள ஏழாம் நம்பருக்கு நூத்திப் பத்து. பதினாலுக்கு நூறு. மூச்சு வந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் என் மனைவி கிரேஸோட மாதா கோயில் திருவிழாவுக்குப் போனேன். நாங்க வேற சபைதான், ஆனா திருவிழாக் கடைக்கு சபையெல்லாம் கெடையாது. ஊரே அங்கனதான். கொழும்புல இருந்து வந்தவங்க, கப்பல்ல வேல பாக்குறவங்க லீவுல வந்தவங்க, எல்லாரும். கிரேஸ் வளையல் பாத்துக்கிட்டிருந்தா.

திருவிழா மைக்ல ஒரு வழக்கம் உண்டு. யாரு சீட்டு எழுதிக் குடுத்தாலும் வாசிச்சிருவாங்க. நீலக் கவுன் போட்ட கொழந்த அலுவலகத்துல அழுதுக்கிட்டிருக்கு. வெள்ளைக் கார் ஒண்ணு வழிய மறிச்சு நிக்குது. எல்லாத்துக்கும் ஒரே கொரல், ஒரே ராகம்.

அதே ராகத்துல அடுத்த சீட்டு வந்துச்சு. "லாரி டிரைவர் அந்தோணி அவர்கள் அன்புடன் கேட்டுக்கொள்வது. யோசனைப் பெட்டியில் பதினாலாம் நம்பருக்கு அனைவரும் ஓட்டுப் போடவும்."

எனக்குக் கையில இருந்த சோளப்பொரி கீழ விழுந்துச்சு. கிரேஸ் என்னையப் பாத்து, ஏங்க, இது உங்க பெட்டிதானன்னு கேட்டா.

புத்தியுள்ளவன் அப்பவே வீட்டுக்குப் போயிருப்பான். நான் மைக் ரூமுக்குப் போனேன். ஒரு சீட்ட எழுதினேன். ஏழாம் நம்பருக்கு ஓட்டுப் போடவும். அவ்வளவுதான்.

மைக்காரர் சீட்டத் திருப்பிப் பாத்துட்டு, பேரு போடாத சீட்ட வாசிக்க மாட்டோம்னுட்டார். போன வருசம் எவனோ பேரில்லாம எழுதி, அத வாசிச்சதுல ஒரு கல்யாணமே நின்னு போச்சாம். பேரு வேணும், என்ன வேலைன்னும் வேணும்னார். அவசரத்துல போட்டேன்.

வெளிய வந்து கிரேஸ் பக்கத்துல நிக்கிறதுக்குள்ள வாசிச்சுட்டார். "ஐ.டி. ஹெட் ஜெபசிங் அவர்கள் ஏழாம் நம்பருக்கு ஓட்டுக் கேக்கிறார்." அதோட நிறுத்தியிருக்கலாம். மைக் ரூம்ல பக்கத்துல யாரோ சிரிக்கிற சத்தம். அப்புறம் அதே ராகத்துல: "பதினாலாம் நம்பர்ல லாரியில ஏறச் சொல்லியிருக்கிற சாரு இவருதான்னு இங்கன இருக்கிறவங்க சொல்லுதாங்க."

கடற்கரை வரைக்கும் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கர்லயும் என் பேரு கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழம ஏழு மணிக்கு ஓட்டு முடிஞ்சுச்சு. ஏழாம் நம்பருக்கு நூத்திப் பதிமூணு. பதினாலாம் நம்பருக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல. கப்பல்ல இருக்கிற ஆளுங்க சிங்கப்பூர் பக்கத்துல நங்கூரம் போட்டுக்கிட்டு எனக்கு எதிரா ஓட்டுப் போட்டிருந்தாங்க. கிரேஸ் எதுக்குப் போட்டான்னு கேட்டேன். ஓட்டு ரகசியமானதுங்க, அப்படின்னா.

திங்கக்கெழம ஆறு மணிக்கெல்லாம் எம்.டி. போன். அவர் சம்சாரமும் திருவிழாவுக்குப் போயிருந்தாங்களாம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க ஜெபசிங், ஊருக்கே தெரியும், போகாம இருந்தா நம்ம கம்பெனிக்கு அசிங்கம்னார். மேடம் வரும்போது நான் ஆபீஸ்ல இருக்கணுமே சார்ன்னேன். எதுக்குன்னு கேட்டார்.

அந்த ஒரு வார்த்தையில என் வேலை எந்த எடத்துல நிக்குதுன்னு புரிஞ்சு போச்சு. மகளுக்கு அந்த வருசம் பன்னெண்டாம் வகுப்பு. நாப்பத்தி நாலு வயசுல சென்னைக்காரன்கிட்ட போயி இன்டர்வியூக்கு உக்கார எனக்குத் தெம்பில்ல.

ஏழு மணிக்கு வரிசையோட கடைசிக்குப் போனேன். அங்க அந்தோணி. அதே மைக் அந்தோணி. வண்டியில இறால் ஏத்தின குளிர் கன்டெய்னர். நான் ஏதோ பெரிய ரௌடிய எதிர்பாத்துப் போனேன். மனுசன் மரியாதையா கைய நீட்டி ஏத்திவிட்டார். ஒரு துண்ட நனைச்சுக் குடுத்து, தலையில போட்டுக்கோங்க சார், எட்டு மணிக்கு மேல கேபின்ல இருக்க முடியாதுன்னார்.

எட்டு மணிக்கு மேல கேபின்ல இருக்க முடியல.

ரெண்டு மணி நேரத்துல வண்டி பத்து வண்டி நீளம் நகந்துச்சு. முன்னால நிக்கிற ஒவ்வொரு டிரைவரும் எறங்கி வந்து என்னைய ஒருதரம் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் வீடியோ கால்ல வீட்டுக்குக் காட்டினார். இறால் கெட்டுருமோன்னு நான் கேட்டேன். குளிர் மிஷினு ஓடுத வரைக்கும் கெடாது, டீசல் தீந்தா கெட்டுரும்னு அந்தோணி சொன்னார். டீசல் முள்ளு எங்க நிக்குதுன்னு காட்டவும் செஞ்சார். காட்டாம இருந்திருக்கலாம்.

ஒம்பதே முக்காலுக்கு கேட்டுக்கு வந்தோம். அப்பாடான்னேன். அந்தோணி, இனிமேத்தான சார் இருக்குன்னார்.

கேட்ல டிரைவர் வண்டி நம்பரத் தட்டணும். லாரி ஓனர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். ஓனர் அத டிரைவருக்குச் சொல்லணும். டிரைவர் அடிச்சா கேட் தெறக்கும். மூணு நிமிசத்துக்குள்ள அடிக்கணும், இல்லன்னா மறுபடியும் மொதல்ல இருந்து. பாதுகாப்புக்காக ரெண்டு வருசத்துக்கு முன்னால வச்சது.

வச்சது நான்தான். டெஸ்ட் பண்ணப்ப நாலே செகண்டுல தெறந்துச்சு. அன்னைக்கு டிரைவரும் நான், ஓனரும் நான்.

அந்தோணி வண்டியோட ஓனருக்கு ஊரு ஸ்ரீவைகுண்டம். நாத்து நடுற நேரம். வயல்ல நிக்கிறார். வயல்ல டவர் கெடையாது. வரப்பு மேல ஏறினா ஒரு புள்ளி காட்டுமாம். மொத ஓ.டி.பி. போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவதுக்கு வீட்டு நம்பருக்கு அடிச்சா, அவர் மகன் எடுத்து, அப்பா வயலுக்குப் போயிருக்காவன்னு நமக்கே சொன்னான்.

பின்னால நாப்பது வண்டி ஹாரன் அடிக்குது. அதுல ரோட்டோரமா எம்.டி. கார். உள்ள மேடம். உள்ள போக வழியில்லாம எங்க பக்கத்துலயே வந்து நிக்குது. நான் கேபின்ல குனிஞ்சேன்.

அந்தோணி கேட் பக்கத்துல இருந்த போர்டப் பாத்தார். உதவிக்கு அழைக்கவும்னு ஒரு நம்பர். "இத யாரும் எடுக்க மாட்டாவ சார். நாங்களும் ரெண்டு வருசமா அடிக்கோம். சும்மா ஒருவாட்டி அடிச்சுப் பாப்பமா?"ன்னார்.

அடிச்சார்.

என் சட்டைப் பையில போன் அடிச்சுச்சு.

அந்தோணி என் பையப் பாத்தார். நான் கண்ணாடி வழியா வெளிய பாத்தேன். அந்த நம்பர என் போனுக்கு வர மாதிரி போட்டு வச்சது எனக்கு அந்த நிமிசம்தான் ஞாபகம் வந்துச்சு. தெரியாத நம்பர்னா நான் எடுக்கிறதில்ல. வேலை நேரத்துல தொந்தரவு பாருங்க.

"எடுங்க சார்"ன்னார்.

எடுத்தேன். ஹலோன்னேன். தோளோட தோள் ஒட்டி உக்காந்துக்கிட்டு அந்தோணி போன்ல பேசினார். "சார், ஓ.டி.பி. வரல."

என் வாய் பழக்க தோஷத்துல சொல்லுச்சு: "புகார் டிக்கெட் போடுங்க, பாக்குறோம்."

அந்தோணி போனக் காதுல இருந்து எடுத்தார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. பாவம்ங்கிற மாதிரி பாத்தார். அவ்வளவு வெக்கமா எனக்கு எப்பவும் இருந்ததில்ல. ரெண்டு வருசம். எத்தன பேரு இந்த வெயில்ல நின்னுக்கிட்டு என் பைக்குள்ள அடிச்சிருப்பாங்க.

முத்துலட்சுமிக்குப் போட்டேன். ஓ.டி.பி. ஓனருக்குப் போகாம டிரைவர் போனுக்கே போற மாதிரி மாத்த எவ்வளவு நாளாகும்னு கேட்டேன்.

"ஒரு டிக்கு எடுத்துட்டு ஒரு டிக்கு போடணும் சார். ரெண்டு நிமிசம். இதப் பத்தி மூணு தடவ மெயில் போட்டேனே. மூணுக்கும் 'குறித்துக்கொண்டேன்'னு பதில் போட்டிருந்தீய."

ஒன்றரை நிமிசத்துல அந்தோணி போன் டிங்குன்னுச்சு. நம்பர அடிச்சார். கேட் தெறந்துச்சு. பின்னால வண்டிங்க சரசரன்னு உள்ள வர ஆரம்பிச்சுது. நான் இறங்குறதுக்கும் மேடம் காரை விட்டு எறங்குறதுக்கும் சரியா இருந்துச்சு. தலையில துண்டு, சட்டை பூரா வேர்வை. எம்.டி. வேற வழியில்லாம எங்க ஐ.டி. ஹெட்டுன்னு அறிமுகப்படுத்தினார்.

மேடம் என்னைய விட்டுட்டு அந்தோணிகிட்ட கேட்டாங்க, என்னப்பா திடீர்னு இவ்வளவு வேகமா போகுதுன்னு.

அந்தோணி ஒரு வார்த்தை சொன்னா என் கதை முடிஞ்சுது. நான் மனசுக்குள்ள ஜெபம் பண்ணினேன். எங்க சபை ஜெபம், அவுங்க சபை ஜெபம், ரெண்டும்.

"சார்தான் மேடம் சரி பண்ணுனாவ. லாரியில ஏறி வந்து பாத்து, போர்டு நம்பருக்கு நான் அடிச்ச போன எடுத்து சரி பண்ணுனாவ"ன்னார். அதோட நிறுத்தாம, "ரெண்டு வருசத்துக்கு முந்தி வச்சதும் சார்தான். மனுசன் தப்பு பண்ணாம இருப்பாவளா?"ன்னார்.

மேடம் சிரிக்கல. இருபது வருசத்துல எந்த யார்டுலயும் ஐ.டி. ஆள லாரியில பாத்ததில்லன்னு எம்.டி.கிட்ட சொன்னாங்க. ஒப்பந்தம் தொடரும்னாங்க. ஒரே ஒரு நிபந்தனை, போர்டுல இருக்கிற அந்த நம்பர் இவர்கிட்டயே இருக்கணும், எம்.டி. கார்ல வரும்போது சொன்ன மாதிரி சென்னைக்கெல்லாம் போகக் கூடாது.

சாயங்காலம் எம்.டி. ரூமுக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்னார். பயிற்சிக்காரங்ககிட்டயும் போன்ல சொன்னேன், அடுத்த மாசம் தலைவர்கள் பயிற்சியில உங்க அனுபவத்தப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, கூட்டத்துகிட்ட யோசனை கேக்குறது எப்படின்னு நாலு வார்த்தை சொல்லணும்னார்.

நாலு வார்த்தை எதுக்கு, மொதல்ல அடிக்கிற போன எடுங்கன்னு சொல்லலாம்னு இருக்கேன்.